கைப்பைக்குள் போன போர்டு

அந்தக் காட்சிக்குக் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

வருஷம் 1961. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம். நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையம். கேதரின் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண்மணி கணக்கில் புலி. ராக்கெட் எங்கே போகும், எங்கே வந்து விழும் என்று பென்சிலால் போட்டுச் சொல்லிவிடுவார். ஆனால் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஹீல்ஸ் செருப்போடு, நெஞ்சில் அணைத்த ஃபைல்களோடு அரை மைல் ஓட வேண்டும். அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் கறுப்பினப் பெண்களுக்கு பாத்ரூம் கிடையாது. ஒருநாள் தொப்பலாக நனைந்து திரும்பி வருகிறார். 'தினமும் எங்கே காணாமல் போய்விடுகிறாய்?' என்று பாஸ் எல்லோர் முன்னாலும் எகிற, கேதரின் வெடித்துவிடுகிறார். ஹாலே ஸ்தம்பித்து நிற்கிறது. அடுத்து, பாஸ் கெவின் காஸ்ட்னர் நேராக அந்த பாத்ரூம் வாசலுக்குப் போய், 'கறுப்பினப் பெண்களுக்கு' என்று எழுதிய போர்டை ஓங்கி ஓங்கி அடித்துக் கீழே தள்ளுகிறார். இனிமேல் யார் வேண்டுமானாலும் எந்த பாத்ரூமுக்கும் போகலாம்!

2016 டிசம்பரில் வெளியான 'ஹிடன் ஃபிகர்ஸ்' படத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற காட்சி இது. (நம்மூர் காலேஜ் வாசலில் 'ஃபிகர்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே எண், ஆள் என்று இரண்டு அர்த்தம். இரண்டுமே கௌரவமானவை.) தியோடர் மெல்ஃபி இயக்கம். டராஜி பி. ஹென்சன், ஆக்டேவியா ஸ்பென்சர், ஜனெல் மோனே என்று மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு நடித்த படம். சிறந்த படம் உள்பட மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. நாசாவில் உண்மையிலேயே வேலை பார்த்த கேதரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் ஆகிய மூன்று பெண்களின் கதை.

ஒரே ஒரு சிக்கல். அந்த போர்டு உடைக்கும் சம்பவம் நடக்கவே இல்லை.

அல் ஹாரிசன் என்று ஒரு பாஸே கிடையாது. பலரைக் கலந்து செய்த கற்பனைப் பாத்திரம். நிஜ கேதரின் ஜான்சன் அரை மைல் ஓடவும் இல்லை. எந்த போர்டும் இல்லாத பக்கத்து பாத்ரூமுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே போனார். அது வெள்ளைக்காரப் பெண்களுக்கானது என்று பின்னால் தெரியவந்தபோதும் காதில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயேதான் போய்க்கொண்டிருந்தார். யாராலும் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

'சினிமான்னா அப்படி இப்படித்தான் இருக்கும், விடுங்க சார்' என்பீர்கள். விட்டுவிடலாம்தான். மூன்று பேர் வாழ்க்கையை இரண்டு மணி நேரத்தில் அடக்கும்போது கொஞ்சம் கத்தரிக்கோல் விளையாடத்தான் செய்யும். ஆனால் ஒரு படம் எதைப் புதிதாகச் சேர்க்கிறது, எதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறது என்று பார்த்தால், நாம் எதை நம்ப ஆசைப்படுகிறோம் என்பது தெரிந்துவிடும். மார்ச் 8 அன்று வாசலில் ரோஜாப்பூ கொடுத்து, மத்தியானம் கேக் வெட்டி, சாயங்காலம் கோலப்போட்டி வைக்கிற கம்பெனிகளுக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். அது ஏன் என்பதுதான் என் சந்தேகம்.

போர்டு விஷயத்துக்கே வருகிறேன். லாங்லியில் நிஜமாகவே ஒரு போர்டு காணாமல் போனது. ஆனால் அது பாத்ரூம் போர்டு அல்ல, கேன்டீன் போர்டு. 1940-களில் கேன்டீனின் பின்பக்கம் ஒரு மேஜையில் சின்னதாக ஓர் அட்டை வைத்திருந்தார்கள். 'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்று எழுதியிருக்கும். அதாவது, அவர்கள் அங்கே மட்டும்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மிரியம் மான் என்ற பெண்மணி ஒருநாள் அந்த அட்டையை எடுத்து மடக்கென்று தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்துப் பைக்குள் போட்டார். மறுபடி வந்தது. மறுபடி பை. 'வேலை போய்விடும்' என்று கணவர் பயந்தாராம். அம்மணி அசரவில்லை. கடைசியில் ஒருநாள் அட்டை வருவது நின்றுபோனது. யார் நிறுத்தினார்கள் என்று எந்த ரிக்கார்டும் இல்லை. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

இது சினிமாவில் இல்லை. மார்கோ லீ ஷெட்டர்லி எழுதி 2016 செப்டம்பரில் வந்த மூலப் புத்தகத்தில் இருக்கிறது. ஷெட்டர்லி அதே ஊரில் வளர்ந்தவர். அவருடைய அப்பா லாங்லியில் விஞ்ஞானி. கறுப்பினப் பெண்கள் கணித நிபுணர்களாக இருப்பது உலகத்தில் சகஜம் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார். இன்னொரு விஷயம், அவர் படித்தது காமர்ஸ். வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தவர். (நானும் பி.காம். என்பதால் கூடுதலாக ஒரு பாசம். மற்றபடி அவர் எங்கே, நான் எங்கே!) புத்தகத்தை எழுதி முடிப்பதற்கு முன்பே சினிமா உரிமை விற்றுப்போய்விட்டது. படமும் புத்தகமும் அடுத்தடுத்து வந்தும் ஒன்றோடு ஒன்று பல இடங்களில் ஒட்டாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது மெஷின் இல்லை, ஒரு உத்தியோகத்தின் பெயர். நாசாவுக்கு முன்னால் அதே இடத்தில் என்.ஏ.சி.ஏ. என்ற விமான ஆராய்ச்சி அமைப்பு இருந்தது. இன்ஜினீயர்கள் சோதனை செய்து எண்களைக் குவிப்பார்கள். அவற்றைக் கூட்டி, பெருக்கி, வரைபடம் போட்டுத் தரும் பெண்கள்தான் கம்ப்யூட்டர்கள். 1935-ல் ஐந்து வெள்ளைக்காரப் பெண்களோடு ஆரம்பித்த ஏற்பாடு இது. இரண்டாம் உலகப் போர் வந்து ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதும் ஆள் பஞ்சம். பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1941-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டிருந்தார். அதனால் 1943-ல் கறுப்பினப் பெண்களுக்கும் கதவு திறந்தது. மேற்குப் பகுதியில் அவர்களுக்குத் தனி ஹால்.

நாலு வருஷம் காலேஜில் ஒரே கணக்குப் பாடத்தைப் படித்துவிட்டு ஒரு பையனும் ஒரு பெண்ணும் லாங்லி வாசலுக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனை ஜூனியர் இன்ஜினீயர் என்று எடுப்பார்கள். பெண்ணைக் கம்ப்யூட்டர் என்று எடுப்பார்கள். அரசாங்கத் தரவரிசையில் பையன் 'புரொஃபஷனல்', பெண் 'சப்-புரொஃபஷனல்'. வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் இதே கதிதான். கறுப்பினப் பெண்ணுக்குத் தனி ஹாலும் தனி மேஜையும் போனஸ்.

அக்கவுன்டன்ஸி படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு தொகையைத் தப்பாகக் கூட்டிவிட்டால் டிரையல் பேலன்ஸ் ஒத்துவராது, ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து தேடியாவது பிடித்துவிடலாம். ஆனால் மெஷின் வாங்கிய செலவை ரிப்பேர் கணக்கில் எழுதிவிட்டால்? டிரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். லாங்லியில் பெண்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகைத் தப்பு. தப்பான தலைப்பில் என்ட்ரி. வருஷா வருஷம் கணக்கு டேலி ஆகிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அவரவர் சீட்டில் ஒழுங்காக வேலை பார்த்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், ரிட்டயர் ஆனார்கள். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை.

இந்தத் தலைப்பை மாற்றுவதுதான் நிஜக் கதையில் பெரிய போராட்டம். படம் அதைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ காட்டுகிறது.

டோரதி வானை எடுத்துக்கொள்வோம். ஸ்கூல் டீச்சராக இருந்தவர். 1943-ல் லாங்லிக்கு வந்தார், டீச்சர் சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கிடைத்தது. படத்தில் ஆக்டேவியா ஸ்பென்சர் இந்த வேஷத்தில் பின்னியிருக்கிறார். சூப்பர்வைசர் வேலை முழுவதையும் செய்கிறார், ஆனால் சூப்பர்வைசர் என்ற பதவியை மட்டும் தர மறுக்கிறார்கள். வெள்ளைக்கார மேலதிகாரி கிர்ஸ்டன் டன்ஸ்ட், 'எனக்கு உங்கள் மேல் ஒரு துவேஷமும் இல்லை' என்கிற தோரணையில் பேச, 'நீங்கள் அப்படி நம்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்' என்கிற தோரணையில் இவர் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போவாரே, அடடா! படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். போர்டு உடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைசியில் ஐ.பி.எம். மெஷின் வருகிறது. டோரதி தானாக ஃபோர்ட்ரான் கற்றுக்கொள்கிறார், தன் பெண்களுக்கும் சொல்லித் தருகிறார், எல்லோரையும் அழைத்துக்கொண்டு ஐ.பி.எம். அறைக்கு அணிவகுத்துப் போகிறார். சூப்பர்வைசர் பதவியும் வருகிறது. சுபம்.

நிஜத்தில் வரிசை தலைகீழ். மேற்குப் பிரிவுக்கு டோரதி பொறுப்புத் தலைவர் ஆனது 1949-ல். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் 'ஆக்டிங்' என்றே வைத்திருந்துவிட்டு 1951-ல் பதவியை உறுதி செய்தார்கள். அந்தக் குறை உண்மைதான், ஆனால் படம் நடக்கும் காலத்துக்குப் பத்து வருஷம் முன்பே தீர்ந்துவிட்ட குறை. 1958-ல் என்.ஏ.சி.ஏ. போய் நாசா வந்தது. அதே வருஷம் மேற்குப் பிரிவை மூடினார்கள். இனி நிறம் பார்த்துத் தனி ஹால் கிடையாது. முற்போக்கான முடிவு, சந்தேகமில்லை. ஆனால் டோரதிக்கு என்ன ஆயிற்று? ஹால் போனதோடு தலைவர் நாற்காலியும் போயிற்று. புதிய கணிப்பொறிப் பிரிவில் நாற்பத்தேழு வயதில் பலரில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார். ஃபோர்ட்ரானில் நிபுணர் ஆனார், ஸ்கௌட் ராக்கெட் திட்டத்தில் வேலை பார்த்தார். மறுபடியும் ஒரு நிர்வாகப் பதவிக்கு முயற்சி செய்தார். 1971-ல் ரிட்டயர் ஆகும்வரை கிடைக்கவே இல்லை.

படம் எங்கே முடிகிறதோ, அங்கேதான் கேள்வி ஆரம்பிக்கிறது. புது டெக்னாலஜியைக் கற்றுக்கொண்டால் போதும், மேலே போய்விடலாம் என்கிறது படம். நம் கம்பெனிகளும் இதைத்தானே சொல்கின்றன? 'அப்ஸ்கில்' பண்ணிக்கொள்ளுங்கள், கோர்ஸ் சேருங்கள், சர்டிஃபிகேட் வாங்குங்கள். டோரதி எல்லாம் கற்றுக்கொண்டார். வேலை போகாமல் காப்பாற்றிக்கொண்டார். ஆனால் மேலே போகவில்லை. நிலைத்து நிற்பதும் உயர்வதும் ஒன்றல்ல. முதலாவதற்குத் திறமை போதும். இரண்டாவதற்கு, பதவி கொடுக்கும் அறையில் யாராவது உன் பெயரைச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பெயர் சொல்வது எப்படி என்று தெரிந்தவர் யார் தெரியுமா? இதே டோரதிதான்!

1953-ல் கேதரின் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டே வாரத்தில் அவரை விமானப் பறப்பு ஆராய்ச்சிப் பிரிவுக்கு டோரதி அனுப்பிவைத்தார். தற்காலிக ஏற்பாடு. ஆறு மாதம் ஆயிற்று. கேதரின் அங்கேயே வேலை பார்க்கிறார், இன்ஜினீயர்கள் கொண்டாடுகிறார்கள், ஆனால் பேப்பரில் இன்னும் தற்காலிகம். சம்பளமும் ஏறவில்லை. நம்மூரில் 'டெபுடேஷன்' என்று வருஷக்கணக்கில் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி. டோரதி நேராக அந்தப் பிரிவுத் தலைவரிடம் போனார். ஒன்று, சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள். இல்லையென்றால் என் ஆளை என்னிடம் திருப்பி அனுப்புங்கள். அவ்வளவுதான் பேச்சு. கேதரினுக்கு நிரந்தர இடமும் கிடைத்தது, இன்க்ரிமென்ட்டும் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த இன்க்ரிமென்ட் கடிதம் இல்லையென்றால் கேதரின் ஜான்சன் அந்தப் பிரிவில் நிலைத்திருப்பாரா? அங்கே நிலைக்காமல் ஜான் க்ளென்னின் பயணம் பக்கம் வந்திருப்பாரா? 1962 பிப்ரவரி 20-ம் தேதி க்ளென் பூமியைச் சுற்றினார். அதற்கு முன்னால், மெஷின் போட்ட கணக்கை அந்தப் பெண்மணி கையால் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். உலகம் முழுக்கத் தெரிந்த கதை. (அதையும் படம் சும்மா விடவில்லை. ராக்கெட் கிளம்பப் போகிற கடைசி நிமிஷத்தில் கேதரின் கணக்குப் போடுகிறார், ஓடுகிறார். நிஜத்தில் அது ஒன்றரை நாள் வேலை, முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிட்டார். ஒன்றரை நாள் ஒரு பெண் டெஸ்க்கில் உட்கார்ந்து கணக்குப் போடுவதை எந்த டைரக்டர் காட்டுவார்?) அந்தப் புகழ்பெற்ற ஒன்றரை நாளுக்குப் பின்னால், ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு மேலதிகாரி இன்னொரு மேலதிகாரியின் அறையில் செலவழித்த ஐந்து நிமிஷம் இருக்கிறது. படத்தில் அது இல்லை.

இன்னொரு ஐந்து நிமிஷமும் இல்லை. படத்தில் ஒரு வில்லன் இன்ஜினீயர் வருவார், ரிப்போர்ட்டில் கேதரின் பெயரைப் போடவிடாமல் அடம்பிடிப்பார். அந்த ஆளும் கற்பனை. நிஜத்தில் டெட் ஸ்கோபின்ஸ்கி என்ற இன்ஜினீயர் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தபோது, இந்த ரிப்போர்ட்டில் பெரும்பகுதியைச் செய்தது கேதரின்தான், அவரே முடிக்கட்டும் என்று பாஸிடம் சொன்னார். 1960-ல் வெளிவந்த அந்த ரிப்போர்ட்டில் இருவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ரிப்போர்ட்டில் வந்தது அதுவே முதல்முறை. போர்டு உடைத்த பாஸைக் கற்பனையில் செய்தவர்கள், கிரெடிட்டைப் பங்கிட்டுக் கொடுத்த சக ஊழியரை விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அவர் செய்தது நாமும் நாளைக்கே செய்யக்கூடிய காரியம். ஹீரோயிசம் பத்தாது.

இப்போது மேரி ஜாக்சன். மூன்று பேரில் எனக்கு ரொம்பவும் பிடித்தவர்.

பாத்ரூம் அவமானம் நிஜத்தில் நேர்ந்தது இவருக்குத்தான். லாங்லியின் இன்னொரு மூலைக்கு ஒரு வேலையாகப் போன இடத்தில், பாத்ரூம் எங்கே என்று வெள்ளைக்காரப் பெண்களிடம் கேட்டார். உன் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிரித்துவிட்டார்கள். கொதித்துப்போய்த் திரும்பும் வழியில் காசிமியர்ஸ் சர்னெக்கி என்ற இன்ஜினீயரைப் பார்த்தார். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். அவர் போர்டு எதையும் உடைக்கவில்லை. 'என்னிடம் வேலைக்கு வந்துவிடேன்' என்றார். ஒலியைவிட வேகமாகக் காற்றை அடிக்கும் பிரமாண்டமான விண்ட் டனலில் வேலை. கொஞ்ச நாளில், 'நீ ஏன் இன்ஜினீயர் ஆகக்கூடாது?' என்று கேட்டார். அதற்குச் சில மேற்படிப்பு வகுப்புகள் படிக்க வேண்டும். அந்த வகுப்புகள் நடப்பது வெள்ளைக்காரர்களுக்கான ஹாம்ப்டன் ஹைஸ்கூலில்.

படத்தில் மேரி கோர்ட்டுக்குப் போய் நீதிபதியிடம் வாதாடி ஜெயிக்கிறார். ஜனெல் மோனே அபாரம், ஆனால் இதுவும் மெருகேற்றியது. நிஜத்தில் நகர நிர்வாகத்திடம் விண்ணப்பம் போட்டு விசேஷ அனுமதி வாங்கினார். முதல்நாள் உள்ளே போனவருக்கு ஓர் அதிர்ச்சி. உள்ளே அது பாழடைந்த, பழைய, முடைநாற்றம் அடிக்கும் கட்டடம்! இத்தனை வருஷமாக நம்மை உள்ளே விடாமல் பொத்திப் பொத்திப் பாதுகாத்தது இந்த லட்சணத்தையா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்த ஒரு காட்சியை எடுத்திருந்தால் கோர்ட் வசனங்களைவிட நூறு மடங்கு பேசியிருக்கும்.

1958-ல் மேரி இன்ஜினீயர் ஆனார். நாசாவின் முதல் கறுப்பினப் பெண் இன்ஜினீயர். படம் இங்கே அவரை வழியனுப்பிவிடுகிறது. நிஜ மேரி ஏறத்தாழ இருபது வருஷம் இன்ஜினீயராக வேலை பார்த்தார், ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். பிறகு ஏணி நின்றுவிட்டது. நிர்வாகப் பதவிகள் வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல, லாங்லியில் பெண்கள் எல்லோருக்கும் அதே உயரத்தில் கூரை இடித்தது.

1979-ல் அவர் ஒரு காரியம் செய்தார். இன்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு, ஒரு படி கீழே இறங்கி, பெண் ஊழியர்களின் நலனைக் கவனிக்கும் திட்ட மேலாளர் பதவிக்குப் போனார். எந்தப் பட்டத்துக்காக நகர நிர்வாகத்தின் கதவைத் தட்டினாரோ, எந்தப் பட்டத்துக்காக அந்த முடைநாற்றக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தாரோ, அந்தப் பட்டத்தைத் தானாகக் கழற்றி வைத்தார். தரவரிசையும் இறங்கியது.

படம் முடிந்து எழுத்துகள் வரும்போது, 1979-ல் அவர் இந்தப் பொறுப்புக்கு வந்தார் என்று ஒரு வரி வந்து போகும். இறங்கித்தான் வந்தார் என்பது அதில் இல்லை. அதையும் பதவி உயர்வு மாதிரியே நாம் படித்துவிட்டு எழுந்து போகிறோம்.

இறங்கி வந்து என்ன செய்தார்? இதுதான் விஷயமே. பெண்கள் ஏன் மேலே போகவில்லை என்று ஒவ்வொரு கேஸாகப் பார்த்தார். சிலருக்கு ஓரிரண்டு பாடம் குறைந்தது, அதை முடித்தால் 'மேத்தமெடிஷியன்' என்ற பெயர் 'இன்ஜினீயர்' ஆகிவிடும், ஆனால் அதை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. சிலர் உட்கார்ந்திருந்த பிரிவு சரியில்லை, அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் உயர்வு வராது. சிலருக்குக் கொடுத்த வேலையே பதவி உயர்வுக் கமிட்டியின் கண்ணில் படாத வேலை. பாடம், இடம், வேலை. 'உன்னால் முடியும், தன்னம்பிக்கையோடு இரு' என்று முதுகில் தட்டிக்கொடுத்தால் தீராத கோளாறுகள். யாராவது ரிக்கார்டைப் புரட்டிப் பார்த்து, 'நீ இந்தக் கோர்ஸை முடி, நீ அந்தப் பிரிவுக்கு மாறு' என்று சொல்ல வேண்டும். ரொம்ப போரடிக்கிற வேலை. ஆறு வருஷம் அதைச் செய்துவிட்டு 1985-ல் ரிட்டயர் ஆனார். 2005-ல் இறந்துபோனார். வாஷிங்டனில் இருக்கும் நாசா தலைமையகத்துக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக 2020-ல் அறிவித்தார்கள்.

படம் தொடவே தொடாத நாலாவது ஆள் ஒருவர் உண்டு. கிறிஸ்டீன் டார்டன். ஷெட்டர்லி புத்தகத்தின் கடைசிப் பகுதியில் வருகிறார். 1967-ல் கணிதத்தில் எம்.எஸ். பட்டத்தோடு லாங்லிக்கு வந்தவர். மனிதன் நிலாவில் காலடி வைக்க இரண்டே வருஷம் பாக்கி. அப்போதும் அவரைப் போட்டது கம்ப்யூட்டர்கள் பிரிவில்தான். அதே தப்பான தலைப்பு! சில வருஷம் பொறுத்தார். பிறகு பெரிய அதிகாரியிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: என் படிப்பையே படித்த ஆண்களை இன்ஜினீயரிங்கில் எடுக்கிறீர்கள், என்னை ஏன் இங்கே போட்டிருக்கிறீர்கள்? இதுவரை யாரும் இப்படி வந்து கேட்டதில்லை, பெண்கள் அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்றார் அதிகாரி. மனிதர் வில்லன் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதே! 1973-ல் டார்டன் இன்ஜினீயரிங் பிரிவுக்கு மாறினார். விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழும் இடிமுழக்கத்தைக் குறைப்பதில் உலக அளவில் நிபுணர் ஆனார். 1983-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

அவ்வளவு ஆகியும் பதவி உயர்வு வரவில்லை.

அப்போது லாங்லியின் சம வாய்ப்பு அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணி ஒரு காரியம் செய்தார். டார்டனையும், அவரைப் போலவே படித்து வந்த ஓர் ஆண் ஊழியரையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் எவ்வளவு தூரம் உயர்ந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் பட்டை வரைபடமாகப் போட்டார். அந்தத் தாள் மேலதிகாரியின் மேஜைக்குப் போனது. அதைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனார். தினமும் கண்ணெதிரே நடமாடிய ஆளிடம் தெரியாதது, காகிதத்தில் இரண்டு பட்டையாக நின்றபோது தெரிந்தது. டார்டனுக்குப் பதவி உயர்வு வந்தது. பின்னால் நாசாவின் மூத்த நிர்வாகிகள் வரிசை வரை போய் 2007-ல் ரிட்டயர் ஆனார்.

பி.காம்.காரனுக்கு இதுதான் கிளைமாக்ஸ். 'ஹிடன் ஃபிகர்ஸ்' என்ற தலைப்புக்குப் பொருத்தமான காட்சியும் இதுதான், அங்கே மறைந்திருந்தது எண்கள்தானே. படத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், மூன்று நடிகைகளுக்காகவே பார்க்கலாம். போர்டு உடையும்போது தாராளமாகக் கைதட்டுங்கள். அப்புறம் புத்தகத்தையும் வாங்கி, பொறுமையில்லாவிட்டால் கடைசிப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். மெல்ஃபிக்கு மனசு இருந்திருந்தால் அந்தக் காட்சியையும் எடுத்திருக்கலாம். ராக்கெட் வேண்டாம், மழை வேண்டாம், கெவின் காஸ்ட்னரும் வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தாள், அதில் இரண்டு பட்டை. பட்ஜெட்டும் ரொம்பக் கம்மி.